பால்வெளியைச் சுற்றும் மங்கலான குட்டிக் கேலக்ஸிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியிலும் பள்ளி மைதானங்களிலும் டெலஸ்கோப் வைத்து வானம் காட்டுவது என் வழக்கம். நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் கேள்விகள் வரும். நம் கேலக்ஸியைச் சுற்றிக் குட்டிக் கேலக்ஸிகள் திரிகின்றன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"கேலக்ஸியைச் சுத்தி இன்னொரு கேலக்ஸியா? நிலா பூமியைச் சுத்துற மாதிரியா அக்கா?"

ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான். சூரியன் இருக்கும் பால்வெளி ஒரு பெரிய கேலக்ஸி. அதில் 10,000 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் உள்ளன. அதன் ஈர்ப்புப் பிடியில் சிக்கிச் சுற்றும் சிறியவற்றைத் துணைக் கேலக்ஸிகள் என்கிறோம். இதுவரை 60க்கு மேல் தெரியவந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குள்ளக் கேலக்ஸிகள்.

நிலாவோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் உண்டு. இவற்றின் பாதை வட்டமாக இருப்பது அபூர்வம். நீண்டு ஒடுங்கிய பாதையில் ஒருமுறை நெருங்கி வரும், பிறகு வெகுதூரம் விலகிப் போகும். ஒரு சுற்று முடியவே பல பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும், சிலவற்றுக்கு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள்.

"இவ்வளவு மெதுவான்னா, சுத்துதுன்னு எப்படித் தெரியும்? சும்மா பக்கத்துல நிக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. 2018 வரை பெரும்பாலான குட்டிகளைப் பற்றி இதற்கு உறுதியான பதில் இல்லை. நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை நட்சத்திர ஒளியின் நிறமாலையில் பார்த்துவிடலாம். பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் அனுப்பிய கையா விண்கலம் அந்த வேலையைச் செய்தது. 100 கோடிக்கும் மேலான நட்சத்திரங்களின் மிக நுண்ணிய நகர்வை அளந்து, 2018 ஏப்ரலில் தரவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குட்டியின் பாதையையும் கணக்குப் போட்டு வரைய முடிந்தது.

"வெறும் கண்ணுல ஒண்ணாவது தெரியுமா?"

இரண்டு தெரியும்: பெரிய மெகல்லன் மேகம், சிறிய மெகல்லன் மேகம். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரத்திலும் சிறியது சுமார் 2,00,000 ஒளியாண்டு தூரத்திலும் இருக்கின்றன. இரண்டும் தெற்கு வானத்தில் வெகு ஆழத்தில் கிடப்பதால் சென்னையிலிருந்து பார்ப்பது கடினம். கன்னியாகுமரியில் வாய்ப்பு இருக்கிறது. ஜனவரி பிற்பகுதியில் இரவு 9 மணி வாக்கில் கடலைப் பார்த்து நில்லுங்கள். தெற்கே பளிச்சென்று நிற்பது அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது ஏறக்குறைய 10 டிகிரி. அகத்தியர் கடல் விளிம்பிலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில் இருப்பார். பெரிய மெகல்லன் மேகம் அவருக்குக் கீழே சற்று வலப்பக்கமாக, ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

கடல் மேல் நீராவிப் படலம் இருந்தாலோ, மீன்பிடி விளக்குகள் எரிந்தாலோ தெரியாது. நான் மூன்று இரவு காத்திருந்து ஒரே இரவில், அதுவும் பத்து நிமிடம் பார்த்தேன். துடைத்தும் போகாத சுண்ணாம்புத் திட்டு மாதிரி இருந்தது. 1987 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஒரு நட்சத்திரம் வெடித்தது அந்தத் திட்டுக்குள்தான்.

"மத்ததெல்லாம் எங்க இருக்கு? நம்ம தலைக்கு மேல ஏதாவது?"

இருக்கின்றன. மார்ச் கடைசியில் இரவு பத்து மணிக்குப் புதுச்சேரியில் அண்ணாந்து பார்த்தால், மகம் நட்சத்திரம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அந்த மகத்தை ஒட்டியே, நிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளியில், சிம்மம் 1 என்ற குள்ளக் கேலக்ஸி இருக்கிறது. தூரம் 8 லட்சம் ஒளியாண்டுக்கு மேல். மகத்தின் கண்கூசும் ஒளியில் மூழ்கிக் கிடப்பதால் 1950 வரை யார் கண்ணிலும் படவில்லை.

மகத்திலிருந்து வடக்கே 4 டிகிரி, அதாவது நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம் போனால் செக்வே 1. அது இன்னும் நெருக்கம், சுமார் 75,000 ஒளியாண்டுதான். எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பை அங்கே திருப்பினாலும், கண்ணுக்குத் தெரிவது வெறும் வானமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்சத்திரங்களும்தான். இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகள் அந்த ஒரு பொருளைச் சுற்றியே வரும்.

"கேலக்ஸின்னா ஜெகஜோதியா இருக்க வேண்டாமா? எவ்வளவு மங்கல்னு சொல்றீங்க?"

செக்வே 1இன் எல்லா நட்சத்திரங்களின் ஒளியையும் கூட்டினால் சுமார் 300 சூரியன் தேறும். மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரை நட்சத்திரம் ஒன்றே பல பத்தாயிரம் சூரியன்களின் ஒளி உடையது. ஒரு முழுக் கேலக்ஸி ஒற்றைத் திருவாதிரைக்கு முன்னால் இருநூறில் ஒரு பங்குகூட நிற்காது.

எல்லாக் குட்டிகளும் இவ்வளவு மோசமில்லை. பெரிய மெகல்லன் மேகம் நூறு கோடிக்கு மேல் சூரிய ஒளி உடையது. நடுவில் ஃபோர்னாக்ஸ், ஸ்கல்ப்டர், டிராகோ என்று படிப்படியாக இறங்கிவரும். இன்னொரு வகை மங்கலும் உண்டு. 2018இல் கண்டுபிடித்த ஆன்ட்லியா 2 பரப்பளவில் பெரிய மெகல்லன் மேகத்துக்குச் சமம், ஒளியில் பல ஆயிரம் மடங்கு குறைவு. ஒரு படி அரிசியை ஊரெங்கும் இறைத்த மாதிரி.

"கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

எண்ணித்தான். முதலில் புகைப்படத் தகடுகளில் எண்ணினார்கள். 1938இல் ஹார்லோ ஷேப்லி, தென்னாப்பிரிக்காவில் ஹார்வர்டு வைத்திருந்த ஆய்வகத்தில் எடுத்த தகடுகளிலிருந்து ஸ்கல்ப்டரையும் ஃபோர்னாக்ஸையும் அறிவித்தார். அன்று தொடங்கி 1994 வரை, இரண்டு மேகங்களையும் சேர்த்து மொத்தமே 11தான் கிடைத்தன. பிறகு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஒரு 2.5 மீட்டர் டெலஸ்கோப் வானத்தின் பெரும்பகுதியை டிஜிட்டலில் வரிசையாகப் படம் எடுத்தது. ஸ்லோன் சர்வே என்று பெயர். 2005இல் பெத் வில்மன் அதிலிருந்து முதல் மிகமங்கலான குட்டிகளைப் பிடித்தார். சில ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை இரட்டிப்பானது. 2015இல் சிலியிலிருந்து நடந்த இன்னொரு சர்வே ஒரே ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட புதியவற்றைச் சேர்த்தது.

முறை எனக்கு மிகவும் பிடித்தது. நாம் நிற்கும் இடத்துக்கும் அந்தக் குட்டிக்கும் நடுவே நம் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. திருவிழாத் தெருவில் நின்றுகொண்டு, சீரியல் பல்புகளுக்கு அப்பால் தூரத்துக் குக்கிராமத்தின் நாலு விளக்கைத் தேடும் வேலை. ஆனால் ஒரு பிடி இருக்கிறது. ஒரே காலத்தில் பிறந்து ஒரே தூரத்தில் இருக்கும் நட்சத்திரங்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் குறித்தால், அவை ஒரு குறிப்பிட்ட வளைகோட்டில் வந்து உட்காரும். தூரம் அதிகமானால் கோடு அப்படியே கீழே இறங்கும். கணினி அந்தக் கோட்டை ஒவ்வொரு தூரத்துக்கும் நகர்த்தி வைத்து, அதில் உட்காராதவற்றைக் கழித்துவிட்டு, மீதியை வானத்தில் எண்ணும். எங்காவது ஒரு சின்ன இடத்தில் எதிர்பார்த்ததைவிட நாலு நட்சத்திரம் கூடுதலாகக் குவிந்தால், பெரிய டெலஸ்கோப்பை அங்கே திருப்புவார்கள்.

"ஆயிரம் நட்சத்திரம் இருந்தா அது வெறும் நட்சத்திரக் கொத்துதானே? ஏன் கேலக்ஸின்னு பெருசா பேர் வைக்கணும்?"

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. எண்ணிக்கையை வைத்துப் பெயர் கொடுப்பதில்லை. பல லட்சம் நட்சத்திரங்கள் உள்ள உருண்டைக் கொத்துகளைக் கொத்து என்றே சொல்கிறோம். ஆயிரம்கூடத் தேறாத செக்வே 1ஐக் கேலக்ஸி என்கிறோம். தீர்மானிப்பது எடை. கண்ணுக்குத் தெரியும் பொருளின் எடையே அதைக் கட்டிவைக்கப் போதுமானால் அது கொத்து. போதாமல், வேறு ஏதோ பிடித்து வைத்திருந்தால் அது கேலக்ஸி. வில்மனும் ஜே ஸ்ட்ரேடரும் 2012இல் இந்த அர்த்தத்தில்தான் ஒரு வரையறை முன்வைத்தார்கள்.

எடையை அளக்க வழி இருக்கிறது. ஹவாயின் கெக் டெலஸ்கோப்பில் செக்வே 1இன் 71 நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வேகம் பார்த்தார்கள். சராசரியிலிருந்து அவை விநாடிக்கு 3.7 கிலோமீட்டர் அளவுக்குச் சிதறியிருந்தன. தெரியும் நட்சத்திரங்களின் எடை மட்டும்தான் என்றால் அந்தச் சிதறல் அரை கிலோமீட்டர்கூட வராது, இந்த வேகத்துக்கு அவை எப்போதோ கலைந்து போயிருக்க வேண்டும். கலையவில்லை. அப்படியானால் நடுப்பகுதியில் மட்டுமே சுமார் 6 லட்சம் சூரிய எடை இருக்க வேண்டும். ஒளியோ 300 சூரியன். ஒளியே விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்த மீதி எடைதான் கரும்பொருள்.

இரண்டாவது சோதனையும் உண்டு. கொத்தில் எல்லா நட்சத்திரங்களிலும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். குள்ளக் கேலக்ஸியில் கலந்து கட்டி இருக்கும். ஒரு தலைமுறை வெடித்துக் கக்கிய இரும்பைப் பறந்துபோக விடாமல் பிடித்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் அளவுக்கு அதற்கு எடை இருந்தது என்று அர்த்தம்.

"ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டிருந்தா, அந்த வேகம் சேர்ந்து கணக்கு தப்பாகாதா?"

ஒரு கல்லூரி மாணவி கேட்டது. கேட்டதும் கைதட்டத் தோன்றியது. ஆம், தப்பாகும். இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று மற்றொன்றைச் சுற்றும் வேகமே விநாடிக்குப் பல கிலோமீட்டர் இருக்கலாம். அதைக் கேலக்ஸியின் சிதறலாக எடுத்துக்கொண்டால் இல்லாத எடை இருப்பதாகத் தெரியும். அதனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இடைவெளி விட்டு அதே நட்சத்திரங்களைத் திரும்ப அளப்பார்கள். வேகம் மாறினால் அது இரட்டை. செக்வே 1இல் இப்படித் திரும்ப அளந்து, இரட்டைகளுக்கான கழிவையும் போட்ட பிறகு நின்றதுதான் மேலே சொன்ன 3.7.

குள்ளக் கேலக்ஸிகளில் கரும்பொருள் இருப்பதற்கான முதல் தடயமும் இந்தச் சந்தேகத்தோடுதான் பிறந்தது. 1983இல் மார்க் ஆரன்சன் டிராகோவில் மூன்றே மூன்று நட்சத்திரங்களின் வேகத்தை வைத்து, இங்கே கரும்பொருள் நிறைய இருக்க வேண்டும் என்று எழுதினார். மூன்றை வைத்து இவ்வளவு பேசுவதா என்றார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் அளந்தபோதும் அவர் சொன்னதே நின்றது.

"கரும்பொருளே கிடையாது, ஈர்ப்பு விதிதான் தப்புன்னு யூட்யூப்ல ஒருத்தர் சொன்னாரே?"

அப்படி ஒரு கருத்து இருக்கிறது. மோர்டெஹாய் மில்க்ரோம் 1983இல் முன்வைத்தது. அதைத் தள்ளிவிடாமல் பரிசோதிக்க வேண்டும், குட்டிகள் அதற்கு நல்ல களம். 2016இல் கண்டுபிடித்த கிரேட்டர் 2இல் வேகச் சிதறல் விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்தான் இருக்கும் என்று அந்தத் தரப்பு முன்கூட்டியே சொன்னது. அளந்தபோது 2.7 வந்தது. அது அவர்களுக்குக் கிடைத்த உண்மையான வெற்றி.

ஆனால் டிராகோ போன்றவற்றுக்கு அந்தக் கணக்கு ஒழுங்காகப் பொருந்துவதில்லை. கிரேட்டர் 2 பால்வெளியை நெருங்கிப் போனபோது கரும்பொருளைப் பறிகொடுத்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. நான் கரும்பொருள் பக்கம்தான். ஒரே ஒளி உள்ள இரண்டு குட்டிகள் வேறுவேறு எடை காட்டுவதற்கு, ஒவ்வொன்றும் தன் தன் வரலாற்றில் எதைச் சேர்த்தது, எதை இழந்தது என்று பார்ப்பதுதான் இயல்பான வழியாக எனக்குப் படுகிறது.

"அந்தக் கரும்பொருளை நேரா பார்க்கவே முடியாதா?"

முயன்றுகொண்டிருக்கிறார்கள். கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் வரலாம் என்பது ஒரு கணிப்பு. நட்சத்திரப் பிறப்பும் வாயுவும் இல்லாத இந்தக் குட்டிகளில் வேறு எதுவும் காமா கதிரை உமிழாது, ஆகவே வந்தால் குழப்பமில்லாமல் தெரியும். 2008இல் ஏவிய ஃபெர்மி விண்கலம் பல ஆண்டுகளாக இவற்றைப் பார்த்துவருகிறது. உறுதியான சமிக்ஞை வரவில்லை.

"ஏன் இவ்வளவு குறைவா நட்சத்திரம்? மீதி ஏன் பிறக்கல?"

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். பிரபஞ்சம் பிறந்து முதல் 100 கோடி ஆண்டுகளுக்குள், முதல் தலைமுறை நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி எங்கும் பரவி வாயுவைச் சூடாக்கிவிட்டது. பெரிய கேலக்ஸி தாக்குப்பிடித்தது. குட்டிகளின் ஈர்ப்பு போதாமல், கொதிக்கும் பாலில் ஆவி போவதுபோல வாயு கையை விட்டுப் போனது. உள்ளே வெடித்த நட்சத்திரங்களும் ஊதித் தள்ளின. ஹபிள் டெலஸ்கோப் மிகமங்கலான ஆறு குட்டிகளைப் பார்த்தபோது, அவற்றின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் சுமார் 1,300 கோடி ஆண்டு வயதானவை என்று தெரிந்தது. அதன்பின் அங்கே அடுப்பே எரியவில்லை. மெகல்லன் மேகங்கள் விதிவிலக்கு. அவற்றில் வாயு இருக்கிறது, இன்றும் நட்சத்திரம் பிறக்கிறது.

"ஏம்மா, ஏதோ ஒரு குட்டிக் கேலக்ஸியில தங்கம் இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சே?"

ரெட்டிக்குலம் 2 பற்றிய செய்தி அது. சுமார் 1,00,000 ஒளியாண்டு தூரம். சிலியில் இருக்கும் மெகல்லன் டெலஸ்கோப்பில் அலெக்சாண்டர் ஜி குழுவினர் அதன் 9 நட்சத்திரங்களின் நிறமாலையை எடுத்தார்கள். 7இல் யூரோப்பியம் போன்ற கனமான தனிமங்கள் எக்கச்சக்கமாக இருந்தன. 2016இல் வெளியிட்டார்கள். தங்கமும் யூரோப்பியமும் ஒரே விதமான அணுக்கரு வினையில் பிறப்பவை.

மற்ற மிகமங்கலான குட்டிகளில் இவை அநேகமாக இல்லவே இல்லை. இதில் மட்டும் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே இது அடிக்கடி நடப்பதல்ல. ஒரே ஒரு பெரிய நிகழ்வு, பெரும்பாலும் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதல், மொத்தக் குட்டியையும் கறைப்படுத்தியிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்னபடி அதன்பின் அங்கே அடுப்பு அணைந்துவிட்டதால் கறை அப்படியே இருக்கிறது. பால்வெளியில் அந்தக் கறை எப்போதோ மற்றவற்றோடு கலந்து அடையாளம் இழந்திருக்கும்.

"நம்ம கேலக்ஸி இதுகளைத் தின்னுடுமா?"

தின்றுகொண்டிருக்கிறது. தனுசுக் குள்ளக் கேலக்ஸி 1994இல்தான் தெரியவந்தது, ஏனென்றால் பால்வெளியின் மையத்துக்குப் பின்பக்கம் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் அதன் நட்சத்திரங்கள் உருவப்பட்டு, வானத்தையே சுற்றிவரும் நீண்ட ஓடையாக நீண்டுகிடக்கின்றன.

இதை உங்கள் சின்ன டெலஸ்கோப்பிலேயே பார்க்கலாம் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆடி மாத இரவில் தனுசு ராசியின் அடிப்பக்கத்தில் எம் 54 என்ற உருண்டைக் கொத்து சின்னப் பஞ்சுருண்டை மாதிரி தெரியும். சார்ல் மெசியே 1778இல் குறித்துவைத்தது. நம் கேலக்ஸியின் கொத்து என்று இருநூறு ஆண்டுக்கு மேல் நினைத்திருந்தார்கள். அது இருப்பது தனுசுக் குட்டியின் நட்ட நடுவில். நான் இதைக் காட்டும்போதெல்லாம் சொல்வேன், நீங்கள் பார்ப்பது வேறொரு கேலக்ஸியின் நெஞ்சை என்று.

"கணக்குப்படி நூத்துக்கணக்குல இருக்கணுமாமே, மீதி எங்க காணாப்போச்சு?"

1999இல் இரண்டு குழுக்கள் கணினியில் கரும்பொருளை ஓடவிட்டுப் பார்த்தபோது, பால்வெளி போன்ற கேலக்ஸியைச் சுற்றி நூற்றுக்கணக்கான கரும்பொருள் உருண்டைகள் வந்தன. கையில் இருந்தவையோ 11. அன்று அது பெரிய சங்கடம். இன்று அவ்வளவு இல்லை. ஒரு பகுதி, மங்கலாக இருந்ததால் அகப்படாதவை. இன்னொரு பகுதி, அடுப்பே பற்றாமல் போனவை, நட்சத்திரமே இல்லாத வெறும் கரும்பொருள் உருண்டைகள்.

சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீட்டர் ஆடியுடன் கட்டிய வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. தெற்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் பத்தாண்டு படம் எடுக்கப்போகிறது. எண்ணும் முறை அதேதான், எட்டும் ஆழம் பல மடங்கு.

"எல்லாம் ஒரே தட்டுல சுத்துதுன்னு சொல்றாங்களே, அது எப்படி?"

பிரகாசமான 11இல் பல, பால்வெளித் தட்டுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தான ஒரு தளத்தில் இருக்கின்றன. டோனல்ட் லிண்டன்பெல் 1976லேயே இதைச் சுட்டினார். ஒரு காரணம் கூட்டமாக வந்து சேர்ந்திருக்கலாம் என்பது. பெரிய மெகல்லன் மேகம் தனக்கென்று சில குட்டிகளைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது என்று கையா அளவுகள் காட்டின, ஹைட்ரஸ் 1, கரினா 2, கரினா 3 போல. ஆனால் தளம் முழுவதையும் அது விளக்கிவிடாது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

"அப்போ இருக்கறதுலயே சின்னக் கேலக்ஸி எது?"

2023இல் அறிவித்த சப்தரிஷி மண்டலம் 3தான் அந்தப் பட்டத்துக்கு வந்து நின்றது. சுமார் 33,000 ஒளியாண்டு தூரம். ஏறக்குறைய 60 நட்சத்திரம், எல்லாம் சேர்த்து 16 சூரிய எடை. முதலில் 11 நட்சத்திரங்களை அளந்தார்கள். சிதறல் 3.7, செக்வே 1க்கு வந்த அதே எண். கரும்பொருள் நிறைந்த மிகச் சின்னக் கேலக்ஸி கிடைத்துவிட்டது என்று பலருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கண்டுபிடித்தவர்களே நேர்மையாக ஒன்றைச் சேர்த்து எழுதியிருந்தார்கள்: அதிலிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் சிதறல் 1.9, இன்னொன்றையும் எடுத்தால் அளக்கவே முடியவில்லை.

மேலே அந்த மாணவி கேட்டாரே, இரட்டை நட்சத்திரமாக இருந்தால் என்று, அதே கேள்விதான். கெக்கில் திரும்பவும் அளந்தபோது கரும்பொருளுக்கான ஆதாரம் நிற்கவில்லை. இரும்பின் அளவிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போதைக்கு அதைக் கொத்து என்று சொல்பவர்கள் கையே ஓங்கியிருக்கிறது. ஆகவே யாராவது என்னிடம் கேட்டால், மகத்துக்கு வடக்கே இரண்டு விரல் தள்ளி இருக்கும் அந்த ஒன்றுமில்லாத இடத்தைத்தான் கைகாட்டுகிறேன்.